6.4 கி.மீ. சாலை, ஒரு பள்ளி, ஒரு துணை சுகாதார நிலையம்: ஃபைபருக்கான குழாயை எஸ்டிமேட்டில் எப்படி வைப்பது?

எஸ்டிமேட்_தருமபுரி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம் வட்டாரத்தில் 6.4 கி.மீ. நீளமுள்ள ஒன்றியச் சாலை ஒன்றை நபார்டு நிதியில் அகலப்படுத்திப் போட எஸ்டிமேட் தயாராகிறது. அதே சாலையில் உயர்நிலைப் பள்ளிக்கு 6 வகுப்பறைக் கட்டடமும், துணை சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடமும் வருகின்றன. மூன்றுக்கும் வேறு வேறு நிதி, வேறு வேறு துறை. சாலை எஸ்டிமேட் இன்னும் தொழில்நுட்ப ஒப்புதலுக்குப் போகவில்லை, அதனால் மாற்ற இடமிருக்கிறது.

ஆய்வுக் கூட்டத்தில் "இணைய இணைப்புக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது எஸ்டிமேட்டின் கடைசியில் "இணைய வசதி, மொத்தத் தொகை" என்று ஒரு வரி நிற்கிறது. அளவும் இல்லை, விவரக்குறிப்பும் இல்லை.

வெறும் குழாய் பதித்தால் போதுமா, கேபிளும் சேர்த்துப் போட வேண்டுமா? வழியில் ஏறக்குறைய 40 சதவீதம் பாறை, அங்கே எவ்வளவு ஆழம் நியாயம்? 9 சிறுபாலங்களில் குழாயை எப்படிக் கடத்துவது? கட்டடத்துக்குள் சிவில் எஸ்டிமேட்டில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது? கிராம ஊராட்சி சேவை மையம் வரை பாரத்நெட் (ஊராட்சிகளுக்கு ஃபைபர் இணையம் தரும் மத்திய அரசுத் திட்டம்) கேபிள் மின்கம்பம் வழியாக ஏற்கெனவே வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

ரோடு_ரோலர், கிருஷ்ணகிரி:

முதல்ல அந்த மொத்தத் தொகை வரியை அடிச்சுடுங்க சார். அளவு இல்லாத ஐட்டம், தார் விலை ஏறின உடனே முதல் ஆளா காணாமப் போகும். குழாய், சேம்பர் (கேபிள் இழுக்க, இணைக்க மண்ணுக்குள்ள வைக்கற மூடி போட்ட தொட்டி), பாறை வெட்டு, கான்கிரீட் உறை, டெஸ்ட்னு தனித்தனி ஐட்டமா பிரிச்சுப் போடுங்க. விலைப் பட்டியல்ல இல்லாத ஐட்டத்துக்கு மூணு விலைப்புள்ளி வாங்கி டேட்டா (விலை எப்படி வந்ததுங்கற கணக்குத் தாள்) போட்டு, தொழில்நுட்ப ஒப்புதலோடவே சேர்த்து வாங்கிடுங்க. வேலை ஆரம்பிச்ச பிறகு கூடுதல் ஐட்டமா கொண்டுபோனா யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க.

குழாய்: 40/33 பி.எல்.பி. ஹெச்.டி.பி.இ. (உள்ளே நிரந்தர மசகு அடுக்கு வெச்ச பிளாஸ்டிக் குழாய்), அதாவது வெளி விட்டம் 40 மி.மீ., உள் விட்டம் 33. ரெண்டு வழி, ரெண்டும் வேற வேற நிறம். 6.4 கி.மீ.க்கு 12.8 கி.மீ., வளைவுக்கும் சேம்பர்ல விடற நீளத்துக்கும் 3 சதவீதம் சேர்த்து 13.2 கி.மீ. போடுங்க. வரும்போது ஒரு துண்டு வெட்டிப் பாருங்க. உள்பக்கம் நிரந்தர மசகு அடுக்கு தனி நிறத்துல தெரியணும், விரல் வெச்சா வழுக்கணும். வெறும் கறுப்புத் தண்ணிக் குழாயை இறக்கிட்டு "எல்லாம் ஒண்ணுதான் சார்"னு சொன்னா திருப்பி அனுப்பிடுங்க. அதுல கேபிள் 200 மீட்டர் கூடப் போகாது.

சேம்பர் 200 மீட்டருக்கு ஒண்ணுன்னா 33 வரும். பள்ளி, சுகாதார நிலையம், சேவை மையம்னு பிரியற இடத்துக்கு 3 சேர்த்து 36. மூடியோட வர்ற பிரீகாஸ்ட் சேம்பரே போதும். அடியில கான்கிரீட் போடாம ஜல்லி விரிச்சு விடுங்க, மழைத் தண்ணி இறங்கிப் போயிடும்.

ஆழம்தான் தகராறு பிடிச்ச விஷயம். தொலைத்தொடர்புத் துறையோட பழைய அளவு 1.65 மீட்டர். ஊராட்சிச் சாலை ஓரத்துக்கு மண்ணுல 1.2 மீட்டர் எடுத்தா நல்லது. பாறையில 0.9 மீட்டர், மேலே கான்கிரீட் உறை. இங்க ஒரு கணக்கு பாருங்க. 40 சதவீதம் பாறைன்னா 2,560 மீட்டர். பள்ளத்தோட அகலம் 0.30னு எஸ்டிமேட்ல போட்டா 691 கன மீட்டர் வரும். ஆனா பிரேக்கரை வெச்சு உடைச்சா 0.45க்குக் குறைவா பள்ளம் நிக்காது, அப்போ 1,037 கன மீட்டர். இந்த 346 கன மீட்டருக்குப் பணம் யார் தர்றதுங்கற சண்டையில, ஒப்பந்ததாரர் ஒரு அடி ஆழத்துல குழாயை வெச்சு மூடிட்டுப் போயிடுவார். அதனால முதல்லயே 0.45 போடுங்க. 200 மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி தோண்டி மண், மென்பாறை, கடும்பாறைன்னு பிரிச்சு அளவெடுங்க. நம்ம பக்கம் மேல ஒண்ணரை அடி செம்மண்ணைப் பார்த்து முழுசும் மண்ணுன்னு எழுதினவங்க எஸ்டிமேட் எல்லாம் கீழே இருக்கற பாறையில முட்டித்தான் நின்னிருக்கு.

பாறைப் பள்ளத்துல அடியில 75 மி.மீ. எம்-சாண்ட் கட்டாயம். கூரான கல் குழாயை அழுத்தினா வட்டம் நசுங்கி முட்டை வடிவம் ஆகிடும், பிறகு காத்தடிச்சுக் கேபிள் தள்ள முடியாது. குழாய் வெச்சு 200 மி.மீ. கனத்துக்கு எம்-15 கான்கிரீட். அது 2,560 மீட்டருக்கு ஏறக்குறைய 230 கன மீட்டர். தொகை பெருசாத் தெரியும், மறைக்காம காட்டுங்க. மண் பகுதியில குழாய்க்கு ஒரு அடி மேல எச்சரிக்கை நாடா போதும்.

சிறுபாலத்துல தண்ணி போற வாய்க்குள்ள குழாயைக் கொண்டுபோகவே கூடாது. முதல் மழைக்கு முள்ளுச்செடியும் சருகும் வந்து அதுல மாட்டும், அடைச்சுத் தண்ணி ரோட்டு மேல ஏறும். புதுசாக் கட்டற பாலமா இருந்தா கைப்பிடிச் சுவர்ல 110 மி.மீ. குழாய் ரெண்டு வெச்சே காங்கிரீட் போட்டுடுங்க. பழைய பாலம்னா 100 மி.மீ. ஜி.ஐ. பைப்பை வெளிப்பக்கம் கிளாம்ப் அடிச்சு, ரெண்டு முனையிலயும் ஒரு மீட்டர் மண்ணுக்குள்ள இறக்கிடுங்க.

சாலைக்குக் குறுக்கே 500 மீட்டருக்கு ஒரு இடத்துல 110 மி.மீ. குழாய் ரெண்டு. இதை ஜி.எஸ்.பி. (ரோட்டோட அடித்தள ஜல்லி அடுக்கு) விரிக்கறதுக்கு முன்னாடி வைக்கணும். ரோடு முடிஞ்ச பிறகு இந்தப் பாறையில அடியில துளைச்சுப் போடற செலவுக்கு 20 குறுக்குக் குழாய் வெச்சிடலாம்.

---

டெசிபல்:

மேலே சொன்ன சாலை விவரங்களோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் 6.4 கி.மீ. குழாயைப் பற்றிப் பேசுவதற்கு முன் சேவை மையத்திலிருந்து பள்ளிக்கும், அங்கிருந்து சுகாதார நிலையத்துக்கும் எத்தனை மீட்டர் என்று நாடா பிடித்துப் பாருங்கள். பாரத்நெட் ஊராட்சிக் கட்டடத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து அடுத்த சில நூறு மீட்டருக்கு யார் தலைப்பிலும் பணம் இருப்பதில்லை. இந்தப் பகுதிக்கு மட்டும் குழாயோடு கேபிளையும் இப்போதே போடுங்கள்: 12 இழை, ஜி.652டி (வழக்கமான ஒற்றைமுறை ஃபைபர் வகை), கட்டடம் ஒவ்வொன்றுக்கும் 2 இழை இயக்கத்துக்கு, 2 இழை மாற்றுக்கு. சேவை மையத்தில் ஏற்கெனவே உள்ள சுவர் ரேக்கில் (கருவிகளை மாட்டும் சட்டம்) இடமிருக்கிறதா, ஓ.என்.டி. (ஃபைபர் ஒளியை இணைய இணைப்பாக மாற்றும் பெட்டி) விளக்கு எரிகிறதா, யு.பி.எஸ். பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்பதையும் இன்றைக்கே பாருங்கள். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான இந்த வேலையைச் செய்வது தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம், டான்ஃபிநெட். எந்த இழை காலியாக இருக்கிறது, ஸ்பிளிட்டரில் (ஓர் இழையின் ஒளியைப் பல இழைகளுக்குப் பிரிக்கும் கருவி) எத்தனை முனை மிச்சம் என்று அவர்களிடம் எழுத்தில் வாங்காமல் வடிவமைப்பைத் தொடாதீர்கள்.

ஒளி இழப்புக் கணக்கை (வழியில் ஒளி எவ்வளவு மங்குகிறது என்பது, டெசிபலில்) எஸ்டிமேட்டோடு ஒரு பக்கமாக இணையுங்கள். உதாரணத்துக்கு, ஒன்றிய அலுவலகத்தில் உள்ள ஓ.எல்.டி.யிலிருந்து (ஒளியை அனுப்பும் தலைமைக் கருவி) பள்ளி 14 கி.மீ. என்று வையுங்கள். 1310 நானோமீட்டரில் கி.மீ.க்கு 0.35 டெசிபல் வீதம் 4.9. 1:16 ஸ்பிளிட்டருக்கு 13.8. இழைகளைச் சேர்க்கும் இணைப்புகள் 8 என்றால் தலா 0.1 வீதம் 0.8. கனெக்டர் 4, தலா 0.5 வீதம் 2. மொத்தம் 21.5. ஜிபான் (ஸ்பிளிட்டர் வழியாக ஒரே ஃபைபரைப் பல கட்டடங்கள் பகிரும் முறை) பி பிளஸ் வகைக்கு 28 டெசிபல் வரை தாங்கும், ஆக 6.5 கையிருப்பு. அதே வழியில் 1:32 ஸ்பிளிட்டர் போட்டால் அதற்கு மட்டும் 17.5, மொத்தம் 25.2, கையிருப்பு 2.8. குறைந்தது 3 இருக்க வேண்டும் என்பது நடைமுறை. திறப்பு விழா அன்று இரண்டுமே வேலை செய்யும், வித்தியாசம் அப்போது தெரியாது. குடிநீர்க் குழாய் உடைப்புக்குத் தோண்டி ஒவ்வொரு முறை கேபிள் அறும்போதும் துண்டு சேர்க்க இரண்டு இணைப்பு கூடும். வெயிலில் அவசரமாகப் போட்ட இணைப்பு 0.1க்குள் நிற்பதும் அபூர்வம். அப்புறம் "நெட் விட்டு விட்டு வருது" என்ற புகார் தொடங்கும், யாருக்கும் காரணம் பிடிபடாது.

ஸ்விட்ச், வைஃபை பெட்டி, கேமரா இவற்றைச் சிவில் டெண்டரில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கட்டடம் முடிய 18 மாதம் என்றால் முதல் மாதமே வாங்கிய பெட்டி, சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்து உத்தரவாதக் காலத்தைத் தின்றுவிடும். கட்டடம் ஒப்படைக்க மூன்று மாதம் இருக்கும்போது எல்காட் (தமிழக அரசின் மின்னணு நிறுவனம்) வழியாகத் தனியாக வாங்கட்டும்.

---

பாலக்கோட்டார்:

காலிக் குழாய் போதும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கேபிள் இல்லாத குழாய்க்குச் சொந்தக்காரன் இல்லை. முனையில் மூடி போடாமல் விட்டால் சேறும் எறும்புப் புற்றும் ஏறும், இழுகயிறு இற்றுவிடும், சேம்பர் மூடி ஏதாவது ஒரு வீட்டுச் சாக்கடைக்குப் போய்விடும். மூன்று வருடத்தில் யாரும் கேபிள் தள்ளப் போவதில்லை என்றால் அந்த 230 கன மீட்டர் கான்கிரீட்டை வேறு எதற்காவது போடுங்கள்.

---

ரோடு_ரோலர், கிருஷ்ணகிரி:

@பாலக்கோட்டார், சொல்றது நியாயம்தான், பாறைப் பகுதிக்கு மட்டும் பொருந்தாது. மண்ணுல எப்ப வேணும்னாலும் மறுபடி தோண்டலாம். பாறையில, புதுத் தார் பக்கத்துல, குறைபாடு சரிசெய்யும் காலம் முடியறதுக்குள்ள ஒப்பந்ததாரர் யாரையும் பிரேக்கர் வைக்க விட மாட்டார். பணம் குறையுதுன்னா இப்படிச் செய்யலாம்: 2,560 மீட்டர் பாறை, 9 சிறுபாலம், குறுக்குக் குழாய் இதெல்லாம் இப்போ, மண் பகுதி பிறகு. குழாய் முனை எல்லாத்துலயும் ரப்பர் வளையம் வெச்ச மூடி, அதுக்குத் தனி ஐட்டம். ஒரு மூடிக்கு ஆகற செலவு பார்த்து இதை விட்டவங்க, பிறகு சேறு எடுக்கப் படற பாடு இருக்கே!

---

எஸ்டிமேட்_தருமபுரி:

நன்றி. சேவை மையத்திலிருந்து பள்ளி 340 மீட்டர், சுகாதார நிலையம் அதற்கு எதிர்த்திசையில் 610 மீட்டர். இன்னொரு சிக்கல்: சாலையின் கடைசி 1.1 கி.மீ. காப்புக்காட்டு எல்லையை ஒட்டிப் போகிறது. வன அனுமதிக்கு அனுப்பினால் எல்லாமே தள்ளிப்போகுமா? பக்கத்திலேயே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்க் குழாயும் போகிறது.

---

பாலக்கோட்டார்:

காப்புக்காடு என்றால் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே உள்ள சாலையின் எல்லைக்குள், மரம் வெட்டாமல், 2 மீட்டர் ஆழம், 1 மீட்டர் அகலத்துக்குள் தோண்டிப் புதைக்கும் ஃபைபர் கேபிளுக்கு மத்திய அரசின் பொது ஒப்புதல் உண்டு. தேசியப் பூங்காவுக்கும் வனவிலங்கு சரணாலயத்துக்கும் அது பொருந்தாது. காவிரி வடக்கு சரணாலயமும் 2022ல் அறிவித்த காவிரி தெற்கு சரணாலயமும் இந்தப் பக்கம் பரந்து கிடக்கின்றன, ஆகவே எல்லை வரைபடத்தில் உங்கள் 1.1 கி.மீ. எந்தப் பக்கம் விழுகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். காட்டோரம் கம்பம் வழியாகப் போவது மலிவாகத் தெரியும். மரக்கிளை, காட்டுத்தீ, யானை மூன்றும் அங்கே கம்பத்தைச் சாய்க்கும்.

குடிநீர்க் குழாய்க்கு எதிர்ப்பக்கத்தில் போங்கள். முடியாவிட்டால் 1 மீட்டராவது தள்ளுங்கள். உடைப்பு வந்தால் ஜே.சி.பி. இரவிலும் வரும், ஓட்டுநருக்கு உங்கள் எச்சரிக்கை நாடா கண்ணில் படாது. தோண்டும் முன் தகவல் தரும் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி 2023 மார்ச்சில் வந்தது. உங்கள் பாதை பதிவாகியிருந்தால்தான் அதில் தகவல் வரும். பாதைக்கு யார் பெயர், யார் எண் என்ற கேள்வி அங்கேயும் வந்து நிற்கும்.

---

ஓம்_விதி_ஓசூர்:

கட்டடம் பக்கம் யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன்.

வெளியிலிருந்து உள்ளே வரும் குழாய் 50 மி.மீ. இரண்டு. நேர் எல்போ கூடாது, நீண்ட வளைவு. வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் நேராக ரேக்குக்கு வரும். அது போய்ச் சேரும் இடம் பூட்டக்கூடிய தனி அறை, 8 அடிக்கு 6 அடி போதும். கழிப்பறைக்குக் கீழேயோ மேல்நிலைத் தொட்டிக்கு நேர் கீழேயோ வேண்டாம். வரைபடத்தில் "ஸ்டோர்" என்று பெயர் இருந்தால் உடைந்த பெஞ்ச் உள்ளே வந்துவிடும், ஆகவே "தொடர்பு அறை" என்றே எழுதுங்கள். மின்பலகையிலிருந்து தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் பாயின்ட் இரண்டு, தனி எர்த் கம்பி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016ல் 8ஆம் பாகம் 6ஆம் பிரிவு முழுக்கத் தகவல் தொடர்பு நிறுவல்களைப் பற்றியதுதான். எதற்கு இந்த அறை என்று தணிக்கையில் கேட்டால் அதைக் காட்டுங்கள்.

வகுப்பறைக்கு 2 தரவு முனை, நடைபாதைக் கூரையில் வைஃபைக்கு இரண்டு, கேமராவுக்கு வாசல், மாடிப்படி, ஆய்வகம். 25 மி.மீ. பைப்பில் கேட்-6 கேபிள் (செம்பு இணையக் கேபிள்) 4க்கு மேல் திணிக்காதீர்கள். மின்கம்பியோடு ஒரே பைப்பில் போகவே கூடாது, இணையாகப் போனால் 300 மி.மீ. இடைவெளி. ரேக்கிலிருந்து சுவர் முனை வரை 90 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஸ்லாப் போடும் முன்பே பைப் வைத்து, உள்ளே இழுகம்பி விட்டு, வரைபடத்தில் குறித்து வையுங்கள். பூச்சுக்குப் பிறகு சுவர் வெட்டினால் ஒவ்வொரு முனைக்கும் இரட்டைச் செலவு.

கேபிள்தான் பெரிய ஏமாற்று. பெட்டியில் கேட்-6 என்று இருக்கும், உள்ளே செம்பு பூசிய அலுமினியம். கணினியில் நெட் வரும், அதே கேபிளில் மின்சாரம் கொடுத்துக் கேமராவை ஓட்டினால் மாலையில் அணைந்து அணைந்து எரியும். சோதிக்க மல்டிமீட்டர் போதும். 305 மீட்டர் புதுப் பெட்டியைத் திறந்து ஒரு ஜோடியின் ஒரு முனையில் இரண்டு கம்பியையும் முறுக்கி இணையுங்கள், மறுமுனையில் ஓம் பாருங்கள். சுத்தச் செம்பு என்றால் 40க்கும் 50க்கும் நடுவில் வரும். 60 தாண்டினால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். கத்தியால் கம்பியைச் சுரண்டினாலும் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

பழைய கட்டடத்துக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவில் 40 மீட்டர்தான் என்று செம்புக் கேபிள் இழுத்துவிடாதீர்கள். ஏப்ரல், மே கோடை இடியில் இரண்டு கட்டட எர்த்துக்கும் இடையே ஏறும் மின்னழுத்தம் அந்தக் கேபிள் வழியாக இரண்டு பக்க ஸ்விட்சையும் சேர்த்து எரித்துவிடும். அந்த 40 மீட்டருக்கும் ஃபைபர்தான்.

யு.பி.எஸ். கணக்கு: ஸ்விட்ச், 8 கேமரா, 5 வைஃபை பெட்டி, ஓ.என்.டி. சேர்த்து சுமார் 200 வாட், இழப்போடு 250. 1 கே.வி.ஏ. யு.பி.எஸ்.சில் 12 வோல்ட் 42 ஏ.எச். பேட்டரி மூன்று வைத்தால் சுமார் 4 மணி நேரம். மூன்று நான்கு வருடத்தில் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பணம் பள்ளியின் எந்தத் தலைப்பிலிருந்து என்பதைத் தலைமையாசிரியருக்கு ஒப்படைப்பு ஆவணத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

---

டெசிபல்:

340, 610 மீட்டர் என்றால் நல்ல தூரம். இரண்டையும் ஒரே சுருளில் இடையில் இணைப்பே இல்லாமல் முடிக்கலாம். சேம்பருக்கு 10 மீட்டர், இரு முனையிலும் 20 மீட்டர் சுருட்டி விட்டு கேபிள் நீளம் கணக்கிடுங்கள்.

சோதனையைத் தனி ஐட்டமாக்கி, குழாய்க்கான பணத்தில் 20 சதவீதத்தை அதன் பிறகு விடுவிக்கும்படி டெண்டரில் எழுதுங்கள். முதலில் உள் விட்டத்தில் 80 சதவீதம், அதாவது 26 மி.மீ. மரக்குண்டைக் காற்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட விடுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே குழாய் நசுங்கியிருக்கிறது. பிறகு முனைகளை அடைத்து சதுர செ.மீ.க்கு 5 கிலோ காற்றழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் வையுங்கள், அரை கிலோவுக்கு மேல் இறங்கினால் ஏதோ ஒரு கப்ளரில் (இரண்டு குழாயைச் சேர்க்கும் இணைப்பான்) கசிவு. பெரும்பாலும் ஹேக்சா பிளேடால் அறுத்த முனையாக இருக்கும். அதற்கென்று உள்ள வெட்டுக்கருவியால் நேராக வெட்டச் சொல்லுங்கள்.

நண்பகலில் கப்ளர் போடவும் விடாதீர்கள். திறந்த பள்ளத்தில் கிடக்கும் 500 மீட்டர் சுருள், வெப்பம் 20 டிகிரி இறங்கினால் ஒன்றரை முதல் 2 மீட்டர் வரை சுருங்கும். காலையில் பார்த்தால் குழாய் கப்ளரை விட்டு வெளியே வந்து கிடக்கும். விரித்துப் பாதி மூடி, மறுநாள் விடியலில் இணைப்பதுதான் முறை.

---

ரோடு_ரோலர், கிருஷ்ணகிரி:

எம்-புக் (வேலை அளவுப் பதிவேடு) எழுதும்போது ஒண்ணு கவனிங்க. மூடறதுக்கு முன்னாடி 20 மீட்டருக்கு ஒரு படம், பள்ளத்துல அளவுக்கோல் நிக்கணும், இடக்குறிப்பு பதிவாகணும். 6.4 கி.மீ.க்கு 320 படம் வரும், அதைப் பார்த்து மலைச்சு நூறு மீட்டருக்கு ஒண்ணுன்னு குறைக்காதீங்க. ஒவ்வொரு சேம்பர், கப்ளர், குறுக்குக் குழாயோட அட்சரேகை தீர்க்கரேகையை ஒரே கே.எம்.எல். (கணினி வரைபடத்துல திறக்கற) கோப்பா வாங்குங்க, இறுதி பில்லுக்கு அது இணைப்பு.

உரிமை விஷயம்: ஊராட்சி ஒன்றியம் சொந்தக்காரர், டான்ஃபிநெட் பராமரிப்பு, இல்லேன்னா வேற யாரோன்னு ஒரு பக்க ஒப்புதல் கடிதத்தை டெண்டருக்கு முன்னாடி வாங்குங்க. தொலைத்தொடர்பு சட்டம் 2023ல பொதுக் குழாய்ப்பாதைக்கு இடம் இருக்கு. வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1லேர்ந்து நடைமுறையில இருக்கு. நாளைக்கு ஒரு கம்பெனி வந்து ரெண்டாவது குழாயைக் கேட்டா யார் அனுமதி கொடுக்கறது, வாடகை எந்தக் கணக்குக்குப் போறதுன்னு அந்தக் கடிதத்துலயே இருக்கணும். சாவி எடுக்க ஆள் இல்லாம சேம்பர் பூட்டை உடைச்சுத்தான் பல இடத்துல முதல் கேபிளே போகுது.